பதினோரு நாள் பால்

செப்டம்பர் 3, ஞாயிறு

ஏரியா நர்ஸ் சொல்லி எழுதுகிறேன். என் மகள் சுகன்யாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. பிரஷர் எவ்வளவு, மாத்திரை போட்டாளா, குழந்தை எத்தனை முறை உதைத்தது, எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டுமாம். சுகன்யா எழுத மாட்டாள். பட்டம் வாங்கியவள், ஆனால் சோம்பேறி. ஐந்தாவதோடு நின்ற நான் எழுதுகிறேன்.

எனக்கு மறதி வந்ததால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு மறதி கிடையாது. சுகன்யா பிறந்தது 1996 ஆவணி 14, வெள்ளிக்கிழமை. அன்று என் ஓரகத்தி மரகதம் பாக்கு நிறச் சேலை கட்டியிருந்தாள், ஓரத்தில் ஒரு இடத்தில் ஜரிகை பிரிந்திருந்தது. எழுதுவது சாட்சிக்கு. பின்னால் யாரும் வந்து நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று சொல்லக்கூடாது.

பிரஷர் 120/80. உதை பதினான்கு.

செப்டம்பர் 6, புதன்

இருபத்தாறு வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளின் சட்டைகள். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எது இருந்தாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். என் கண்ணைத் தாண்டி ஒரு பீஸ் போகாது. சூப்பர்வைசர் என்னிடம், "துளசியம்மா, நீங்க சாமியவே நிக்க வச்சு ஸ்டிக்கர் ஒட்டுவீங்க" என்பான்.

இன்று கழித்த பீஸ்களில் பன்னிரண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றில் கழுத்து கோணல். ஒன்றில் இடது கை அரை இஞ்ச் நீளம். பிறந்த குழந்தைக்குக் கை நீளமாக இருந்தால் என்ன, மூடிக்கொண்டுதானே கிடக்கும்.

பட்டன்களை எடுத்துவிட்டு நாடா தைத்தேன். லேபிளைப் பிரித்தேன். எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிவிட்டேன். ஓவர்லாக் தையல் பிஞ்சுத் தோலில் பட்டால் வரி விழும். எங்கள் கம்பெனி முதலாளிக்கே இது தெரியாது. என் பழைய வாயில் சேலைகள் மூன்றைக் கிழித்து இடுப்பில் கட்டும் முக்கோணத் துணி இருபத்தைந்து ஆக்கினேன். ஓரம் அடிக்கவில்லை, அடித்தால் அரிக்கும்.

பிறந்ததும் முதலில் பழந்துணிதான் போட வேண்டும். நன்றாக வளர்ந்த பிள்ளை போட்டுக் கழித்தது. கடையில் வாங்கிய புதுசு முப்பதாம் நாள்தான். அதனால் இந்தப் பன்னிரண்டையும் ஏழு தடவை அலசிக் காயப்போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஏழு தண்ணீர் பார்த்தால் புதுசும் பழசுதான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

நாலாவது அலசல். சுகன்யா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, சாமிய ஏமாத்தறியா? தொவைச்சா பழசாயிருமா?"

"ஆகும்."

"பெரியம்மா வீட்ல செந்தில் அண்ணன் புள்ளையோட துணி மூட்டையாக் கெடக்குது. ஒரு வார்த்தை கேட்டா..."

"கேட்க மாட்டேன்."

"அப்படி என்னதாம்மா பண்ணுனாங்க அவங்க?"

"என்கிட்டக் கேட்காம என்ற பொருளை எடுத்தா."

"என்ன பொருள்? நகையா?"

"எடுத்தாள்ன்னா எடுத்தா. நீ போயி காலை மேல தூக்கி வச்சுப் படு."

மரகதம் இருப்பது இரண்டு தெரு தள்ளி. கல்யாணம், காரியம் என்று எங்கே எதிரில் பட்டாலும் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் தவறிய அன்றும் அவள் வந்து என் தோளைப் பிடித்து அழுதாள். நான் அழுதேன், ஆனால் அவளோடு சேர்ந்து அழவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

கால் வீக்கம். பிரஷர் 140/90. உதை பதினொன்று. பேச்சைக் குறைத்துவிட்டாள்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தலை வெடிக்கிறது, கண் முன்னால் மினுக்கு மினுக்கென்று பூச்சி பறக்கிறது என்றாள் சுகன்யா. கையைக்கூடக் கழுவவில்லை. ஆட்டோ. பெரியாஸ்பத்திரிக்குள் நுழையும்போதே வலிப்பு வந்துவிட்டது.

ஆபரேஷன். பெண் குழந்தை. ஒரு கிலோ 740. ஆறு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், சுகன்யாவை வேறொரு கதவுக்குள் கொண்டுபோனார்கள். நான் நடுவில் நடையில் நின்றேன்.

மாப்பிள்ளை யுவராஜ் கன்டெய்னர் லாரியில் தூத்துக்குடி துறைமுகத்தில் இருக்கிறார். லோடை இறக்கிவிட்டு விடியற்காலைதான் கிளம்ப முடியுமாம்.

பன்னிரண்டு சட்டையில் ஒன்றுகூட அவளுக்கு ஆகாது. ஒரு முழம்கூட நீளமில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு காகிதத்தோடு வந்தாள். "பாட்டிம்மா, பேபிக்கு டியூப்ல மூணு மூணு மில்லியா பால் ஆரம்பிக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காருங்க. உங்க பொண்ணு இன்னும் முழிக்கல. நம்ம தாய்ப்பால் வங்கியில பால் இருக்குது. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"யாரோட பாலுங்க?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டோங்க. நெறையப் பால் சுரக்கறவங்க எடுத்துக் குடுப்பாங்க. ரத்தம் பரிசோதிச்சு, பாலைச் சூடு பண்ணி, உறைய வச்சிருக்கோம். ஒரு பயமும் இல்ல."

"வேணாங்க. மாவுப் பால் குடுங்க."

"குறைமாசக் குழந்தைங்க. குடல் தாங்காது."

"அப்ப சுகன்யா முழிக்கட்டும். அவ பாலே குடுக்கலாம்."

"எப்ப முழிப்பாங்கன்னு டாக்டராலயே சொல்ல முடியல. சரி, குழந்தையோட அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. குளுக்கோஸ்ல ரொம்ப நேரம் ஓட்ட முடியாது, பாட்டிம்மா."

பத்து மணிக்கு மறுபடியும் வந்து, "கேட்டீங்களா?" என்றாள். டவர் கிடைக்கவில்லை என்றேன்.

டவர் கிடைத்தது. மாப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்டார். எடுத்துப் பேசினேன். குழந்தை நன்றாக இருக்கிறது என்றேன். பால் விஷயம் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு மூன்றாம் தடவை வந்தாள். இந்த முறை கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு அவளே போன் செய்திருக்கிறாள். அவர் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவர் கூப்பிட்டுச் சொன்னது யாரிடம் என்றால், மரகதத்திடம்.

பன்னிரண்டுக்கு வந்தாள். முழங்கால் தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். நன்றாக வயதாகிவிட்டது. எனக்கு அது கொஞ்சம் திருப்தியாக இருந்தது, மறைக்கவில்லை.

"ஏம் புள்ள துளசி, கொழந்தையப் பட்டினி போட்டு வச்சிருக்கியாமா?"

இருபத்தேழு வருடத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"எவளோ ஒருத்தி பாலை என்ற பேத்திக்குக் குடுக்கக் கேக்கறாங்க. உனக்கென்ன அதுல?"

"எவளோ ஒருத்திதானே. நானில்லையே? எனக்கு அறுபத்தொண்ணு. பிழிஞ்சாலும் தண்ணி வராது, பயப்படாத."

நடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அன்னிக்குக் கேட்டியா நீ? ஒரு வார்த்தை கேட்டியா என்னைய?" என்றேன்.

"நீ ஜன்னி கண்டு வாய்ல நுரை தள்ளிக் கெடந்தே. உன்ற காதுலயா வந்து கேட்கறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேட்டிருந்தா நீ வேண்டாம்னுதான் சொல்லியிருப்பே. எனக்குத் தெரியுமே உன்னைய. உனக்கு நினைவில்லாமப் போனதாலதான் சுகன்யா பொழைச்சா. இன்னிக்கு நீ முழிச்சுக்கிட்டு இருக்கறே. அதுதான் எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

 எழுந்து போய் சிஸ்டரிடம் காகிதத்தைக் கேட்டேன். ம. துளசிமணி என்று எழுதினேன். மணியின் மேல் சுழி கோணலாக வந்தது.

முதல் பால் 12.40-க்குப் போனது. மூன்று மில்லி. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மருந்து ஊசிக் குழாயில் ஊற்றி உயர்த்திப் பிடித்தார்கள், அது தானாக இறங்கியது. குழந்தை தூங்கிக்கொண்டேயிருந்தாள்.

செப்டம்பர் 20, புதன்

சுகன்யா இன்னும் முழிக்கவில்லை. உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அதனால் அந்த விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது கூட்டுக் குடும்பம். சுகன்யா பிறந்த மறுநாள் எனக்கு ஜன்னி. பதினோரு நாள் நினைவில்லை. மரகதத்துக்கு அப்போது செந்தில் ஐந்து மாதக் குழந்தை. ஒரு பக்கம் செந்தில், ஒரு பக்கம் சுகன்யா என்று வைத்துக்கொண்டு கொடுத்திருக்கிறாள். ஊரே அவளை மெச்சியது. ஒவ்வொருவரும் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மகராசி, மகராசி என்று.

நான் எழுந்து உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வாசனை அவளுக்குத் தெரியவில்லை. மரகதத்தின் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் தலையை ஆட்டித் தேடினாள்.

அதை எந்த அம்மா பொறுப்பாள்?

நான் பொறுக்கவில்லை. நினைவு வந்த பத்தாவது நாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். டப்பா பால் கொடுத்தேன். பிள்ளைக்கு வயிற்றால் போனது, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தோம். அது அந்த ஊர்த் தண்ணீர் சரியில்லாததால் வந்தது. மரகதம் ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலில் நின்றாளாம். உள்ளே விடக்கூடாது என்று நான்தான் சொன்னேன்.

தண்ணீர் சரியில்லைதான். ஆனால் அதே தண்ணீரை என் அண்ணன் பிள்ளைகளும் குடித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முழித்தாள். "அம்மா, கொழுக்கட்டை செஞ்சியா?" என்று கேட்டாள். பிள்ளையாரப்பா.

மதியம் சிஸ்டர் அவள் மார்பை அமுக்கிவிட்டு ஒரு சின்னக் கரண்டியில் பிடித்தாள். மஞ்சளாக, கெட்டியாக, ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. சீம்பால். அரை மில்லிகூட இல்லை. அதைப் பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்து உள்பக்கம் தடவினார்கள். அவள் நாக்கை நீட்டி நக்கினாள்.

என் காலத்தில் இதைப் பீய்ச்சி மண்ணில் விட்டார்கள். செய்தது மரகதம் இல்லை, என் மாமியார். அவள் மேல் எனக்குள்ள கோபம் தனிக் கணக்கு.

செப்டம்பர் 24, ஞாயிறு

சுகன்யாவால் இன்னும் நேராக உட்கார முடியவில்லை, தையல் இழுக்கிறது. அதனால் குழந்தையை என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கங்காரு முறையாம். ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையை வெறும் உடம்போடு என் நெஞ்சின் மேல் தவளை மாதிரி குப்புற வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார்கள். இரண்டு மணி நேரம் அசையக் கூடாது.

அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அதற்கும் அசையவில்லை.

எடை ஒரு கிலோ 690. முதலில் குறையத்தான் செய்யுமாம்.

செப்டம்பர் 26, செவ்வாய்

சுகன்யாவுக்குப் பால் இறங்கிவிட்டது. வங்கிப் பால் நின்றது. மொத்தம் ஏழு நாள் குடித்திருக்கிறாள். எத்தனை பேருடையது என்று சிஸ்டரிடம் கேட்டேன். "தெரியாதுங்க பாட்டிம்மா. மூணு நாலு பேரு பால் ஒண்ணாக் கலந்திருக்கும்" என்றாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

டியூப் எடுத்துவிட்டார்கள். பாலாடையில் குடிக்கிறாள். எடை ஒரு கிலோ 810. தாய் சேய் வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு பாஸ்தான், ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். நான் இருக்கிறேன்.

இன்று முதல்முறையாக மார்பில் வைத்துப் பார்த்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன். பாட்டில் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை. பின்னால் நின்றவள் திட்டினாள்.

அக்டோபர் 2, திங்கள்

நான்கு நாளாக இதே பாடு. வாயை வைக்கிறாள், இரண்டு இழுப்பு இழுக்கிறாள், தூங்கிவிடுகிறாள். இல்லாவிட்டால் கத்திக்கொண்டு தலையைத் திருப்புகிறாள். சிஸ்டர் வந்து ஒவ்வொரு தடவையும் காட்டிக்கொடுக்கிறாள். ஆனால் அவளுக்கு முப்பது கட்டில். இரண்டு நிமிடத்தில் அடுத்த கட்டிலில் கூப்பிடுகிறார்கள்.

இன்று சுகன்யா அழுதுவிட்டாள்.

"என்னைய இவளுக்குப் புடிக்கலம்மா. யாரு யாரு பாலையோ குடிச்சுட்டு என் பால் வேண்டாங்கறா. விடும்மா. டப்பா பால் வாங்கிட்டு வரச் சொல்லு அவரை. என்னால முடியல."

 ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னது. 1996-ல் என் அம்மாவிடம் நான் சொன்னது. அவள் காதில் யார் போய் ஓதினார்கள்?

"சுகன்யா, இங்க பாரு" என்றேன். "அவளுக்கு வாய் சின்னது. தாடைக்கு வலு வரல. அதனாலதான் தூங்கறா. புடிக்காம இல்ல."

"உனக்கென்ன தெரியும்?"

"நீயும் இப்படித்தான் திரும்பிக்கிட்டே" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னி, பதினோரு நாள், மரகதத்தின் பால், நான் தூக்கிக்கொண்டு போனது, டப்பா பால், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. "இன்னும் மூணு நாலு நாள் பொறுத்திருந்தா நீ என்கிட்ட வந்திருப்பே. நான் பொறுக்கல. தண்ணி மேல பழியைப் போட்டேன்."

 சுகன்யா, "இதுதான் அந்தப் பொருளா? நான் நகைன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு, "பெரியம்மா எனக்கு எப்படிக் குடுத்தாங்க? நானும் அப்ப சின்னதாத்தானே இருந்தேன்?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கவில்லையே. தெரிந்தவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளையின் போனை வாங்கினேன். என் போனில் அவள் நம்பர் இல்லை.

"யாருங்க?" என்றாள்.

"துளசி."

 கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"கொழந்தைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. மாரைப் புடிக்க மாட்டேங்கறா. நீ... நீங்க வந்து கொஞ்சம் பாருங்க அக்கா."

அக்டோபர் 4, புதன்

மரகதம் பத்து மணிக்கு வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வார்டு வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டினார்.

"பாஸ் ஒண்ணுதாங்க. ஒருத்தர்தான்."

நான் கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. மரகதம், "பரவாயில்ல, நான் சொல்லித் தர்றேன், நீ போய்ச் சொல்லு" என்றாள். சொல்லித் தரக்கூடிய காரியமா அது. கை பார்த்துத்தானே வரும்.

பாஸ் என் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டேன்.

"நீ பார்க்க வேண்டாமா புள்ள?"

"போங்க அக்கா. பசி நேரம், கத்திட்டு இருப்பா."

வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே குழந்தைகள் அழும் சத்தம். நம்முடையது எது என்று எனக்குத் தெரியும், கோழிக்குஞ்சு மாதிரி விட்டு விட்டு அழும். அது அழுதது. நின்றது. மறுபடி அழுதது. நின்றது. நான் காத்திருந்தேன். மறுபடி அழவில்லை.

அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. குழந்தை தூங்கியிருக்கலாம்.

அரை மணி நேரம் கழித்து மரகதம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"குடிச்சுட்டா. பதிமூணு நிமிசம். நிறுத்தி நிறுத்தி, க்ளுக் க்ளுக்குன்னு சத்தம் வருது. குடத்தை இடுக்கற மாதிரி கக்கத்துல இடுக்கிக்கச் சொன்னேன். தலையை நாம திருப்பக்கூடாது, அவளா வர்ற வரைக்கும் பேசாம இருக்கோணும். உன்ற மக பொறுமைசாலி. உன்னைய மாதிரி இல்ல."

"ம்."

என் பேத்தி முதல்முதலாகத் தாய்ப்பாலை மார்பில் குடித்ததை இரண்டாம் முறையாகவும் நான் பார்க்கவில்லை. தப்பாக எழுதிவிட்டேன். முதல் முறை என் மகள். இது என் பேத்தி.

மரகதம் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மூன்று நாலு பேர் ஞாபகம் வந்தது, ஏழு நாள் பால் கொடுத்தவர்கள். சிஸ்டர் பெயர் சொல்ல மாட்டாள். முகம் தெரியாது, வீடு தெரியாது. தெரிந்தால் போய் ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லாமல் இருந்தால் நெஞ்சில் கல் மாதிரி கிடக்கும் போலிருந்தது.

"அக்கா," என்றேன். "அந்தப் பதினோரு நாளும் நீங்க குடுத்தீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. நல்லது பண்ணுனீங்க."

மரகதம் என்னைப் பார்க்கவில்லை. முழங்காலையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பிறகு பாஸைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"பேசிட்டே உக்காந்திருக்கறே பாரு. எந்திரி, உள்ள போ. எடது பக்கம்தான் குடிச்சிருக்கா. வலது பக்கம் இன்னும் குடுக்கல."

நான் போனேன்.